தலைகீழ்க் கடை

என் அத்தையின் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மார்க்கெட்டில் ஒருவருக்கும் தெரியாது. தலைகீழ்க் கடை எங்கே என்று கேட்டால் டீ ஆற்றுபவர் கூட கையை நீட்டிக் காட்டுவார்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. தக்காளி கமிஷன் வியாபாரம் அவளுக்கு. விளைவித்தவர்கள் லாரியில் அனுப்பும் பெட்டிகளைச் சில்லறை வியாபாரிகளுக்கு விற்றுக் கொடுத்து, நூற்றுக்கு இவ்வளவு என்று தன் பங்கை எடுத்துக்கொள்வாள். அந்தத் தகரக் கொட்டகைக்குள் அப்படி இருபது கடைகள். மற்ற கடைகளில் பெட்டி வந்தபடியே விற்கும். அத்தை கடையில் மட்டும் நடுவில் ஒரு வேலை நடக்கும். நிறைந்த பெட்டியின் மேல் ஒரு காலிப் பெட்டியை வாயோடு வாய் பொருந்தக் கவிழ்ப்பார்கள். ஒரு பக்கம் அத்தை பிடிப்பாள், மறு பக்கம் சுமைதூக்கும் நெட்டையன். "ம்" என்பாள். இரண்டு பெட்டியும் சேர்ந்து ஒரே புரட்டு. மேலே இருப்பதைத் தூக்கினால், அதுவரை அடியில் கிடந்த தக்காளி இப்போது மேலே இருக்கும். அதைப் பார்த்துத்தான் விலை.

காரணம் எளிது. தக்காளிப் பெட்டியின் மேல் அடுக்கு எப்போதும் அழகாக இருக்கும். ஒரே அளவு, ஒரே சிவப்பு, காம்பு எல்லாம் ஒரே பக்கம். வெடித்தது, புள்ளி விழுந்தது, சுண்டைக்காய் அளவில் பச்சையாகப் பறித்தது எல்லாம் அடியில் இருக்கும். விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். நான் ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் மொழி தெரியாத சந்தைகளிலும் நின்றிருக்கிறேன். அங்கேயும் மேல் அடுக்கு சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

தக்காளிக்கு யார் விலை வைக்கிறார்கள் என்று சின்ன வயதில் அத்தையிடம் கேட்டேன். "லாரி" என்றாள். அப்போது புரியவில்லை. விடியும் நேரத்தில் மார்க்கெட் வாசலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசை ரோட்டோரத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் அன்றைக்கு விலை விழுந்தது என்று அர்த்தம். தொட்டி வரைக்கும் வராவிட்டால் விலை ஏறும். வரத்து குறைந்த மாதங்களில் யாரும் பெட்டிக்குள் பார்ப்பதில்லை. கை வைத்தவனுக்குப் பெட்டி. வரத்து கொட்டும் மாதங்களில் நிலைமை வேறு. ஒரு பெட்டித் தக்காளியின் விலை, அது வந்த காலிப் பெட்டியின் விலையை விடக் கீழே போகும். அப்போது வாங்குபவர்கள் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் போல நடந்துகொள்வார்கள். எல்லாவற்றிலும் குறை. அந்த மாதங்களில் மேல் அடுக்குதான் எல்லாம்.

அத்தை கடை போடுவதற்கு முன் பத்து வருடம் தள்ளுவண்டிக்காரி. தினமும் மேல் அடுக்கைப் பார்த்து வாங்கி, தெருவில் போய் அடி அடுக்கை விற்றவள். ஒருநாள் பாதிக்கு மேல் அழுகிய பெட்டியைத் தலையில் வைத்து மொத்தக் கடைக்கே திருப்பிக் கொண்டு போனாள். "பெட்டிக்குள்ள நான் என்ன இறங்கியா பார்த்தேன்?" என்று கேட்டார் கடைக்காரர். பிற்பாடு வாசலை ஒட்டிய இடம் காலியானது. அப்போது அங்கே வெயிலும் லாரிப் புகையும்தான், ஒருவரும் சீந்தவில்லை. அத்தை வண்டியை விற்று அந்த இடத்தைப் பிடித்தாள். முதல் நாள் முதல் பெட்டியையே புரட்டினாள். இறங்கிப் பார்க்கத் தேவையில்லை, கவிழ்த்துப் பார்க்கலாம் என்று அந்தக் கடைக்காரருக்குக் கேட்கும்படிச் சொன்னாளாம். அவர்தான் இப்போது வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர்.

பிறகு ரோடு அகலமாயிற்று. வாசல் இடம் மார்க்கெட்டிலேயே முதல் இடமாயிற்று. உள்ளே வருகிறவன் எல்லாம் முதலில் பார்ப்பது அத்தையைத்தான். இரண்டு காலிப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் திரும்பி வந்த சமயம் வரத்து உச்சத்தில் இருந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எங்கள் நிலத்துத் தக்காளியை ஏற்ற அப்பா வாடகைக்குப் பிடித்த லாரியில் தொற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். லாரி வரிசை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அதற்கடுத்த பெட்ரோல் பங்கையும் தாண்டி நின்றது. அப்பா வழியெல்லாம் பேசவில்லை. விலை அப்படி, என்று நினைத்துக்கொண்டேன்.

"வாடி ஊர்சுத்தி" என்றாள் அத்தை. "உலகத்தை எல்லாம் பார்த்தாச்சா? மிச்சம் வெச்சிருக்கியா?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கு அத்தை."

"அது எங்கேயும் போகாது. இந்தக் காலிப் பெட்டிய அந்தப் பக்கம் தள்ளு."

அன்றைக்கு மத்தியானம் சங்கக் கூட்டம். வருடத்துக்கு ஒருமுறை, வரத்துக் காலத்தில், எந்த இடம் யாருக்கு என்று கடைக்காரர்கள் கூடிக் கைதூக்கி முடிவு செய்வார்கள். வழக்கமாக டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இந்த வருடம் அப்படி இல்லை. மற்ற கடைகளுக்குப் போகும் தள்ளுவண்டிக்காரர்கள் எல்லாம், "அந்தம்மா மாதிரி நீங்களும் கவுத்துக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பத்தொன்பது கடைக்காரர்களுக்கும் அது தொண்டையில் சிக்கிய முள்.

தலைவர் காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து, பின்னால் நாலைந்து கடைக்காரர்கள்.

"தங்கச்சி, மத்தியானம் கூட்டம். ஞாபகம் இருக்கில்ல?"

"மறக்கவா விடுறீங்க? நேத்துல இருந்து ஆள் மாத்தி ஆள் வந்து சொல்லிட்டுப் போறாங்க."

"இந்தக் கவுக்கற வேலைய விட்டுடு. வாசல் இடம் உனக்கே. முதல் கை நான் தூக்கறேன்."

"விடலன்னா?"

"பின்னாடி சுவத்தோரம் இடம் இருக்கு. அங்க போய் எப்படி வேணா கவுத்துக்க."

அந்தச் சுவரோரம்தான் மார்க்கெட்டின் அழுகல் எல்லாம் கொட்டும் குப்பைமேடு.

"அங்க நல்லா காத்து வரும்க்கா" என்றார் பின்னால் நின்றவர்களில் ஒருவர்.

"வரும் தம்பி. என்ன காத்துங்கறதுதான் கேள்வி."

தலைவர் சிரிக்கவில்லை. "நீ தினம் பண்றது எப்படி இருக்கு தெரியுமா? எல்லாரையும் திருடன்னு சொல்ற மாதிரி இருக்கு. உனக்குச் சரக்கு அனுப்பறவங்களையே நீ நம்பல. அப்பறம் என்ன பெரிய நேர்மை?"

அது அத்தைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. காலை இறக்கி எழுந்து நின்றாள்.

"நம்பலயா? இத்தனை வருஷமா கவுத்துக் கவுத்தே, எனக்கு அனுப்பறவங்க மேல ஒண்ணு கீழ ஒண்ணு வெக்கறதையே விட்டுட்டாங்க. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சரக்கு."

"அப்ப கவுக்காம வித்துக் காட்டேன். இன்னைக்கு ஒரு லோடு. எல்லார் முன்னாடியும்."

"காட்டறேன். அதோ நிக்குது பாருங்க, என் தம்பி லோடு. அதையே இறக்கறேன்."

அப்பா லாரியின் பின்கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார். "அக்கா, என்னுது வேண்டாம். வேற யாருதாவது எடு."

"ஏன்டா, புதுப் பொண்ணு மாதிரி வெக்கப்படற? இறக்கு."

"சொன்னா கேளுக்கா."

"நெட்டையா, இறக்கு."

வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஓட்டல்களுக்கு வாங்கிப் போடுகிறவர், தடித்த கண்ணாடி போட்டதால் எல்லாரும் கண்ணாடி என்று கூப்பிடும் தள்ளுவண்டி அம்மா, காய் வாங்க வந்தவர், வராதவர் எல்லாரும். நெட்டையன் முதல் பெட்டியை இறக்கி வைத்தான். மேலே மூடியிருந்த பழைய செய்தித்தாளை அத்தையே உரித்தாள்.

பச்சையும் வெடிப்பும் புள்ளியுமாகக் கிடந்தது மேல் அடுக்கு.

இரண்டாவது பெட்டி. அதுவும் அப்படியே. மூன்றாவதின் தாளை உரிக்கும்போது அத்தையின் கை மெதுவாயிற்று. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தை எப்படியும் புரட்டுவாள் என்று தெரிந்த அப்பா, நல்லதை அடியில் வைத்து, சொத்தையை மேலே அடுக்கியிருக்கிறார். புரட்டினால் நல்லது மேலே வந்துவிடும். எல்லா ஊரிலும் நடக்கும் அதே வேலைதான், அத்தைக்காகவே தலைகீழாக.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது.

"தலைகீழ்க் கடைக்குத் தலைகீழ் லோடு. பொருத்தம்னா இதுதான்."

"கூடப் பிறந்தவனே கவுத்துட்டானே தங்கச்சி" என்றார் தலைவர். குரலில் பரிவு இருந்த மாதிரியே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். "இந்த விலைக்கு நான் என்னக்கா பண்றது? பறிக்கற கூலி வரல. வண்டி வாடகை வரல. இந்த வருஷம்தான் இப்படி. போன வாரத்துல இருந்துதான்."

அத்தை கூட்டத்தில் கண்ணாடி அம்மாவைத் தேடினாள். போன வாரம் அந்த அம்மா வந்து, உன் கடைப் பெட்டியிலும் அடி சரியில்லை என்று சொன்னபோது, "என் கடைப் பெட்டிக்கு அடியே கிடையாது, போ" என்று அவளை விரட்டியிருக்கிறாள். இது எனக்குப் பிறகு நெட்டையன் சொன்னது.

"கண்ணாடி, நீ சொன்னது சரி. அடி இருந்திருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல."

"என் கண்ணாடிய வேணா போட்டுக்கறியா?" என்றாள் அந்த அம்மா. இந்தமுறை சிரித்தவர்களில் அத்தையும் ஒருத்தி.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். "நெட்டையா, தார்ப்பாய எடு. பாதையில விரி."

"பாதையில விரிக்கக் கூடாது தங்கச்சி. சட்டம் இருக்கு" என்றார் தலைவர்.

"பாதையிலதான்ணே விரிப்பேன். இவ்வளவு நேரம் எல்லாரும் சிரிச்சாங்கல்ல, பார்க்கவும் செய்யட்டும்."

அப்பாவின் லோடு முழுவதையும் கொட்டினோம். நானும் பெட்டி தூக்கினேன். நல்லது அடியிலிருந்து வந்து சொத்தைமேல் விழுந்தது. தார்ப்பாயின் நடுவில் முட்டி போட்டு, இரண்டு கைகளாலும் வாரி வாரிக் கலந்தாள் அத்தை. தக்காளிச் சாறு முழங்கை வரை வழிந்தது. பிறகு, பொறுக்காமல், பார்க்காமல், கைக்கு வந்ததை அள்ளிப் பெட்டிகளை நிரப்பச் சொன்னாள்.

எழுந்து நின்று விலை கூவினாள். "நல்ல பெட்டி இன்னைக்கு நூறு. இது கலப்பு. எழுபது. மேல கீழ எல்லாம் ஒண்ணுதான், எந்தப் பக்கம் வேணா கைய விட்டுப் பாருங்க. எழுபதுக்கு மேல குடுக்கறவன் ஏமாளி, கீழ கேக்கறவன் திருடன்."

"எழுபதா?" என்றார் அப்பா. "அக்கா, கூலிக்கே பத்தாது."

"அழகா அடுக்கினியே, அந்தக் கூலிய என்கிட்ட கேக்காத. அது நான் சொல்லாத வேலை."

ஓட்டல்காரர் ஒரு பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பத்துப் பெட்டி எடுத்துக்கொண்டார். அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள். கண்ணாடி அம்மாவுக்கு அத்தை இரண்டு பெட்டி சும்மா கொடுத்து, தன் கமிஷனில் கழித்துக்கொண்டாள்.

தலைவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அத்தை சட்டையில் கையைத் துடைத்தபடி அவர் முன்னால் போய் நின்றாள்.

"என் தம்பி ஏமாத்தினான். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், கொட்டியும் காட்டிட்டேன். தார்ப்பாய் விரிச்சபடியே இருக்கு. உங்க கடையில இருந்து ஒரே ஒரு பெட்டி கொண்டாங்களேன்."

"அதெல்லாம் கூட்டத்துல பேசிக்கலாம்."

"கூட்டத்துல கை தூக்குவீங்க. பெட்டி தூக்க மாட்டீங்க."

அவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே போய்விட்டார்.

மத்தியானம் எடைமேடையைச் சுற்றிக் கடைக்காரர்கள் நின்றார்கள். பெண்கள் யாரும் இல்லை, அத்தையைத் தவிர. நான் வெளியே தூணில் சாய்ந்து நின்று பார்த்தேன். தலைவர் மறுபடியும் தன்மையாகத்தான் பேசினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. காலையில நடந்ததை எல்லாரும் பார்த்தோம். கவுத்தாலும் ஏமாத்துவாங்க, கவுக்காட்டியும் ஏமாத்துவாங்க. அப்பறம் எதுக்கு இந்த வீம்பு? விட்டுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"கவுத்தாலும் ஏமாத்தறான்னு தெரிஞ்சுபோச்சு. அதனால இனிமே கவுக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

தலைவரின் முகம் மலர்ந்தது.

"கொட்டப்போறேன். ஒவ்வொரு பெட்டியையும்."

வாசல் இடம் அவளுக்கே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். ஒரே ஒரு கை எழுந்தது. அது அவளுடையது. சாறு காய்ந்து சிவந்திருந்த கை. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எண்ணினார்கள். எதிர்ப்பவர்கள் கை தூக்கினார்கள், இறக்கினார்கள். அவள் கை அதுவரை இறங்கவில்லை. கூட்டம் முடிந்தது என்று சொன்ன பிறகுதான் இறக்கினாள். இறக்கியவுடன் சொன்ன முதல் வார்த்தை: "நெட்டையா, தராசத் தூக்கு."

பின்பக்கச் சுவரோரம் எப்படி இருக்கும் என்று அழகாகச் சொல்ல வழியில்லை. ஈ மொய்க்கும். மத்தியானத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொட்டகையின் தகரமும் அங்கே முடிந்துவிடும், மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஆனால் இடம் இருந்தது. வாசலில் நெருக்கடி என்பதால்தான் இத்தனை வருடமும் பெட்டியோடு பெட்டி வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாளாம். இங்கே தார்ப்பாயை நாலு மூலையும் இழுத்து விரிக்கலாம். ஒரு பெட்டி, கொட்டு, பார், அள்ளு. நான் அவள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். "மிச்ச உலகத்தை எப்ப பார்க்கப்போற?" என்று கேட்பாள். "முதல்ல இந்தக் குப்பைமேட்டைப் பார்த்து முடிக்கறேன்" என்பேன்.

வரத்து இருந்தவரை வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி அம்மா தினமும் வந்தாள். பலர் வரவில்லை. வாசலில் நின்று வாங்கிப் பழகியவர்களுக்கு அவ்வளவு தூரம் நடப்பது பாரம். சரக்கு அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் வேறு கடைகளுக்கு மாறினார்கள். எங்கள் வாசல் இடத்தில் தலைவர் தன் மகனுக்குக் கடை வைத்துக் கொடுத்தார். அப்பாவின் லாரியும் அங்கேதான் நின்றது. நான் அதைப் பற்றி அப்பாவிடம் வீட்டில் சண்டை போட்டேன். "உனக்கென்ன, ஒரு பையைத் தூக்கிட்டுப் போயிடுவ. நான் இந்த நிலத்துல கிடக்கணும்" என்றார்.

பிறகு மழை பிடித்தது. செடிகள் நின்ற இடத்திலேயே அழுகின. லாரி வரிசை தண்ணீர்த் தொட்டி வரைக்குமே வரவில்லை. பெட்டி விலை ஐந்து மடங்காயிற்று. இந்தச் சமயத்தில் யாரும் பெட்டிக்குள் பார்ப்பதில்லை என்று முன்பே சொன்னேன். அத்தைக்கு ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ பெட்டி வரும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன்கீழ் அந்த எட்டையும் கொட்டினாள்.

ஓட்டல்காரர் ஒருநாள் குடையோடு ஓடி வந்தார். "அக்கா, இருக்கறதை அப்படியே குடுங்க. எந்த விலையானாலும் சரி. கொட்டவெல்லாம் வேண்டாம், நேரம் இல்ல."

"நேரம் இல்லன்னா வாசல் கடைக்குப் போங்க."

"அங்க இருந்துதான் வரேன். போன தடவை அங்க வாங்கினதுல பாதி குழம்பு மாதிரி இருந்துச்சு."

"அப்ப நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவசரமே படாமல், பெட்டியைச் சாய்த்தாள். அவர் மழையில் நின்றார். அத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். விலையும் வாசல் கடையை விட ஒரு காசு குறைத்துச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அப்பா ஒரு சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். தோளில் ஒரு தக்காளிப் பெட்டி. வாசல் கடையில் போட்டிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். சமையலறை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்கு வெச்சுக்கக்கா."

அத்தை அடுப்பை அணைத்தாள். மேலே இருந்த தாளை எடுத்தாள். கொழுகொழுவென்று, ஒரே அளவு, ஒரே சிவப்பு. பார்த்தாள். பிறகு பெட்டியின் அடியில் கையைக் கொடுத்து, அப்பாவின் கண் முன்னாலேயே, சமையலறைத் தரையில் மொத்தத்தையும் கவிழ்த்தாள். தக்காளிகள் அடுப்பு மேடைக்கு அடியில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், என் கால்வரைக்கும் உருண்டு வந்தன. குனிந்து பார்த்தேன். அடிவரைக்கும் ஒரே சரக்கு. ஒரு புள்ளி இல்லை.

"பார்த்தியா?" என்றார் அப்பா.

அத்தை ஒன்றை எடுத்துத் துடைத்து, கடித்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"வீட்டுக்குக் கொண்டு வந்தா நல்லாத்தான்டா இருக்கும். கடைக்குக் கொண்டு வா."